உதவுவோர் அழிகிறார்கள், பொய்க்குரல் பெருகுகிறது: பரிணாம மாதிரிகளில் பழுது பார்க்கும் வழி

விலங்குகளிடையே பிறர்நலமும் நேர்மையான சமிக்ஞையும் எப்படிப் பரிணமிக்கின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாணவர்கள் கொண்டுவரும் புகார்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். நிரல் ஓடுகிறது, வரைபடம் வருகிறது, ஆனால் முடிவு முறைத்துக்கொண்டு நிற்கிறது. உடனே எல்லோரும் உயிரியலில் கைவைக்கிறார்கள்: நினைவாற்றலைச் சேர்க்கிறார்கள், தண்டனையைச் சேர்க்கிறார்கள். வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள்: யார் யாரோடு ஜோடி சேர்கிறார், யாருடைய வாரிசு யாருடைய இடத்தைப் பிடிக்கிறது, யார் எப்போது சாகிறார். பழுது பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கீழே ‘செலவு’ என்பது உதவுபவர் இழப்பது, ‘நன்மை’ என்பது உதவி பெறுபவர் அடைவது, ‘உறவு’ என்பது இருவருக்கும் இடையிலான மரபு நெருக்கம், ‘தகுதி’ என்பது ஒருவர் வாரிசு விட்டுச்செல்லும் திறன். வில்லியம் ஹாமில்டன் 1964-இல் தந்த விதி: உறவை நன்மையால் பெருக்கினால் வருவது செலவைவிட அதிகமாக இருந்தால் உதவும் பண்பு பரவும்.

## எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் இது

செலவையும் நன்மையையும் பூஜ்யமாக்குங்கள். சடுதி மாற்றத்தை நிறுத்துங்கள். 100 பேர் கொண்ட கூட்டத்தில் ஒரே ஒரு உதவுபவரை விட்டு, 10,000 முறை ஓட்டுங்கள். அந்த ஒருவரின் வழித்தோன்றல்கள் கூட்டம் முழுவதையும் பிடிப்பது ஏறக்குறைய 100 ஓட்டங்களில் நடக்க வேண்டும். 80-க்கும் 120-க்கும் இடையில் வந்தால் கவலையில்லை. 300 வந்தாலோ 10 வந்தாலோ உங்கள் நிரல் யாருக்கோ சலுகை காட்டுகிறது. இனப்பெருக்க வரியில் எங்கோ வரிசை எண் ஒன்று தவறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் கீழே படிப்பதில் பயனில்லை.

## அறிகுறி: உதவுபவர்கள் மடமடவென்று அழிந்துபோகிறார்கள்

ஜோடி சேர்க்கை. இது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். கூட்டத்திலிருந்து இருவரைக் குலுக்கி எடுத்து ஜோடி சேர்த்தால் உறவு பூஜ்யம். உதவுபவர் அழிவதுதான் சரியான விடை. ‘நான் உறவை 0.5 என்று கொடுத்திருக்கிறேனே’ என்று சொல்லாதீர்கள். கொடுத்ததைப் பார்க்க வேண்டாம், ஓட்டத்தில் வந்ததை அளந்து பாருங்கள்.

அளக்கும் வழி எளிது. கூட்டத்தில் 10 விழுக்காட்டினர் உதவுபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். உதவுபவருக்கு வாய்க்கும் துணைகளில் 55 விழுக்காட்டினர் உதவுபவர்கள். உதவாதவருக்கு வாய்க்கும் துணைகளில் 5 விழுக்காட்டினர் உதவுபவர்கள். கழித்தால் 0.50. இதுதான் உறவு. இரண்டு எண்ணும் 10 விழுக்காட்டிலேயே நின்றால் உறவு எதுவும் இல்லை. ‘இந்த இனத்தில் எல்லோருக்கும் பெரும்பாலான மரபணுக்கள் பொதுவானவை, ஆகவே உறவு 0.9’ என்று எழுதி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூட்டத்தின் சராசரியைவிட எவ்வளவு கூடுதலாக ஒத்திருக்கிறோம் என்பதே கணக்கில் சேரும். எல்லோருக்கும் பொதுவானதற்கு மதிப்பெண் கிடையாது.

எதிர்மறைத் தகுதி. அடிப்படைத் தகுதி 0, செலவு 1 என்றால், உதவி செய்து எதையும் பெறாதவரின் தகுதி −1. சில நிரல்கள் அதைச் சத்தமில்லாமல் 0 ஆக்கிவிடும், செலவே மறைந்துபோகும். சில நிரல்கள் அப்படியே விட்டுவிடும், தேர்வு கோணலாகும். அடிப்படைத் தகுதியை 10 என்று உயர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

உள்ளூர்ப் போட்டி. அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். குட்டிகள் பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராத உலகத்தைக் கட்டுகிறீர்கள். பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் சொந்தக்காரர்கள், ஆகவே உதவும் பண்பு தழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அது தழைப்பதில்லை. காரணம், உதவியால் கூடுதலாகப் பிறந்த குட்டிகள் இடத்துக்காக மோதுவதும் அதே பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்களின் குட்டிகளோடுதான். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பியிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். பீட்டர் டெய்லர் 1992-இல் காட்டினார்: தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாத எளிய மாதிரியில், அருகில் தங்குவதால் வரும் லாபத்தை இந்த உள்ளூர்ப் போட்டி சரியாக ஈடுகட்டிவிடும். கொஞ்சமும் மிஞ்சாது.

சோதனை: இடம்பெயரும் விகிதத்தை 0.1 என்று வைத்து, உதவி பரவத் தொடங்கும் நன்மை-செலவு விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 0.9 என்று வைத்து மறுபடி பாருங்கள். அளந்த உறவு வெகுவாகக் குறைந்தும் அந்த எல்லை அசையவில்லையென்றால், உங்கள் கையில் இருப்பது டெய்லரின் முடிவு. நிரல் சரி, எதிர்பார்ப்புதான் தவறு. இந்த ஈடுகட்டலை உடைக்க மூன்று வழிகள்:

- பெற்றோர் ஒரே பருவத்தில் மடியாமல் சில பருவங்கள் வாழ்ந்தால் ஈடுகட்டல் உடைகிறது. டெய்லரும் இர்வினும் 2000-இல் காட்டினார்கள். மாற்றுவது எளிது, முதலில் இதைச் செய்யலாம்.
- தனித்தனியாக இல்லாமல் சொந்தக்காரர்கள் குழுவாகக் கிளம்பிப் புது இடம் போவது. நிரலை நிறையத் திருத்த வேண்டும்.
- உதவும் இடத்தின் பரப்பும் போட்டியிடும் இடத்தின் பரப்பும் வேறு வேறாக இருக்கும் முழு வாழ்க்கைச் சுழற்சியைப் புதிதாக எழுதுவது. வாரக்கணக்கில் வேலை.

எதைத் தேர்ந்தாலும் உங்கள் விலங்கு அப்படி வாழ்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரைபடம் மேலே ஏற வேண்டும் என்பதற்காக ஒரு பருவம் மட்டுமே வாழும் பூச்சிக்கு ஐந்தாண்டு ஆயுள் கொடுத்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன்.

சாவா முதலில், பிறப்பா முதலில்? ஒவ்வொருவரும் தன் அண்டையரோடு மட்டும் பழகும் வலைப்பின்னல் மாதிரிகளில் இந்த ஒரு வரி எல்லாவற்றையும் புரட்டும். 2006-இல் ஓட்சுகி, ஹவர்ட், லீபர்மன், நோவாக் நால்வரும் வெளியிட்ட முடிவு: ஒருவர் செத்து, காலியான இடத்துக்கு அண்டை வீட்டார் போட்டியிட்டால், நன்மை-செலவு விகிதம் அண்டையர் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் போதும், பெரிய கூட்டத்தில் உதவி தழைக்கும். நான்கு அண்டையர் என்றால் விகிதம் 4-ஐத் தாண்ட வேண்டும். மாறாக, தகுதி பார்த்து ஒருவரைப் பிறப்பிக்கத் தேர்ந்து, அவருடைய வாரிசு ஏதோ ஒரு அண்டையரைத் தள்ளிவிட்டு உட்காரும் என்று எழுதினால், எந்த விகிதத்திலும் உதவிக்கு ஆதரவு கிடையாது. இரண்டு வரிகளை இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள்; ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆள் தேட வேண்டிய இடம். உறவை அளந்தாயிற்று, தகுதி சரி, போட்டியின் பரப்பு தெரியும், வரிசையும் தெரியும். இன்னும் ஹாமில்டன் விதி சொல்வதும் ஓட்டம் சொல்வதும் பொருந்தவில்லை என்றால், மக்கள்தொகை மரபியலில் கணக்குப் போடத் தெரிந்தவரைப் பாருங்கள். ஜார்ஜ் பிரைஸ் 1970-இல் தந்த, பண்பும் தகுதியும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று பார்க்கும் உடன்மாறுபாட்டுச் சமன்பாட்டைக் கொண்டு உங்கள் ஓட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பகுதி இழுக்கிறது என்று அவருக்கு அன்றே தெரியும்.

## அறிகுறி: உதவி எங்கும் எப்போதும் வெல்கிறது

இது முதல் அறிகுறியைவிட ஆபத்தானது, ஏனென்றால் யாரும் புகார் செய்வதில்லை. மகிழ்ச்சியோடு கட்டுரை எழுதப் போய்விடுகிறார்கள்.

சடுதி மாற்ற விகிதம். விகிதம் அதிகமாக இருந்தால் உதவுபவர்கள் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பார்கள். மாற்றத்தை நிறுத்தினால் மறைகிறார்களா என்று பாருங்கள். மறைந்தால் அது தேர்வின் வேலை இல்லை.

இரட்டைக் கணக்கு. தகுதியைக் கணக்கிடும்போது சொந்தக்காரரின் ஆதாயத்தையும் உறவால் பெருக்கிச் சேர்த்துக்கொள்கிறீர்கள். அதே நிரலில் ஜோடிகளையும் உண்மையான உடன்பிறப்புகளாகவே அமைக்கிறீர்கள். ஒரே லாபம் இரண்டு முறை வரவில் ஏறுகிறது. ஆலன் கிராஃபென் 1982-லேயே இதைக் கண்டித்து எழுதினார், இன்னும் நடக்கிறது. சோதனை: ஒரே தாய், வேறு தந்தை கொண்ட ஜோடிகள், அதாவது உறவு 0.25. நன்மை 3, செலவு 1. பெருக்கினால் 0.75, செலவைவிடக் குறைவு. உதவி தோற்க வேண்டும். இரட்டைக் கணக்கில் அது வெல்லும். உங்கள் ஓட்டத்தில் வென்றால் பெருக்கும் வரியை நீக்குங்கள், அல்லது ஜோடிகளைக் குலுக்கி எடுங்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம்.

வேறு வழியில்லாத உதவி. 2001-இல் ரியோலோ, கோஹன், ஆக்சல்ராட் மூவரும் ஒரு மாதிரி வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண். எண் தன்னுடையதற்கு நெருக்கமாக இருப்பவருக்கு உதவ வேண்டும். பதிலுதவியே இல்லாமல் கூட்டுறவு தழைத்தது. மறு ஆண்டே ராபர்ட்ஸும் ஷெரட்டும் ஓட்டையைக் காட்டினார்கள்: அச்சாக அதே எண் உள்ளவருக்கு உதவ மறுக்கும் வாய்ப்பே அந்த மாதிரியில் யாருக்கும் இல்லை. அந்த வாய்ப்பைக் கொடுத்தால் கூட்டுறவு சரிந்தது. ஆகவே உங்கள் நிரலில் ‘யாருக்கும் எப்போதும் உதவாதவர்’ என்ற பண்பு பிறக்க வழி இருக்கிறதா என்று தேடுங்கள். வரம்பின் ஓரத்தில் 0 என்று எழுதியிருந்தால் அது ‘யாருக்கும் இல்லை’ என்பதா, ‘எனக்குச் சமமானவருக்கு மட்டும்’ என்பதா? பாதி நேரம் எழுதியவருக்கே தெரியாது.

ஒரே நொடியில் எல்லோரும் மாறுவது. நோவாக்கும் ராபர்ட் மேயும் 1992-இல் கட்டங்களில் ஓட்டிய மாதிரி அழகான கோலங்களைத் தந்தது. உதவுபவரும் சுரண்டுபவரும் முடிவில்லாமல் மாறி மாறி இடம் பிடித்தார்கள். 1993-இல் ஹூபர்மனும் கிளான்ஸும் அதே மாதிரியில் கட்டங்களை ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகளில் சுரண்டுபவர் எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். வேறு பல அளவுகளில் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தாலும் கூட்டுறவு நிற்கும் என்று முதல் அணி 1994-இல் பதில் சொன்னது. உங்கள் முடிவு இரண்டு வகைப் புதுப்பித்தலிலும் நிற்கிறதா என்று பாருங்கள். காட்டில் மணியடித்து எல்லா விலங்கும் ஒரே நொடியில் குட்டி போடுவதில்லை.

## அறிகுறி: ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு முடிவு

பெரும்பாலும் கூட்டம் சிறியது, அவ்வளவுதான். கணினியின் குலுக்கலைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி 50 ஓட்டமாவது ஓட்டி, முடிவுகளின் பரவலை வரையுங்கள். ஓர் ஓட்டத்தின் படத்தைக் கட்டுரையில் போடாதீர்கள். பிறகு கூட்டத்தைப் பத்து மடங்காக்குங்கள். பரவல் சுருங்கினால் அது மரபியல் நகர்வின், அதாவது தற்செயலால் பண்புகளின் பங்கு ஏறி இறங்குவதன், வேலை. இரண்டு தனித்தனிக் குவியலாகப் பிரிந்தே நின்றால் மாதிரிக்கு இரண்டு சமநிலைகள் இருக்கின்றன. தொடக்கம் எது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

## அறிகுறி: யாரும் குரல் எழுப்புவதில்லை

இங்கிருந்து சமிக்ஞை மாதிரிகள். பெரும்பாலோர் கையில் எடுப்பது மேனார்ட் ஸ்மித் 1991-இல் அமைத்த சர் பிலிப் சிட்னி விளையாட்டு. ஜுட்ஃபென் போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்த சிட்னி தன் தண்ணீரை இன்னொரு வீரனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் கதையிலிருந்து வந்த பெயர். நான் அதைக் குஞ்சும் தாய்ப்பறவையுமாக மாற்றிச் சொல்கிறேன்.

எண்களோடு பார்ப்போம். பசித்த குஞ்சுக்கு இரை கிடைக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பில் 0.8 போகும். வயிறு நிறைந்த குஞ்சுக்கு 0.2 போகும். இரையைக் கொடுத்தால் தாய் இழப்பது 0.3. உறவு 0.5. குரல் எழுப்பும் செலவு 0.1, அது குஞ்சின் பிழைப்பு வாய்ப்பைப் பெருக்கல் முறையில் குறைக்கிறது.

மௌனம் இரண்டு வகை. நிரலைத் தொடுவதற்கு முன் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்: தாய்கள் இரை கொடுக்கிறார்களா, இல்லையா?

கொடுக்கிறார்கள், குஞ்சுகள் கேட்பதில்லை. பசித்த குஞ்சுகளின் பங்கு மிக அதிகம். மேலே உள்ள எண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பசித்திருந்தால் கேட்காமலே எல்லோருக்கும் கொடுப்பது தாய்க்கு லாபம். பிறகு கத்துவானேன்? பங்கைப் பாதியாக்குங்கள்.

கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை. செவிசாய்க்கும் தாய் இல்லாத ஊரில் கத்துவது வீண் செலவு. கத்தும் குஞ்சு இல்லாத ஊரில் செவிசாய்க்கும் பண்பால் பயன் இல்லை. இதிலிருந்து வெளியே வர எவ்வளவு தேவை? பாதிக் குஞ்சுகள் பசித்திருக்கும்போது கணக்குப் போட்டால், குரலுக்கு மட்டும் கொடுக்கும் தாய்கள் 100-க்கு 4 இருந்தாலே பசித்த குஞ்சு கத்துவது லாபம். குரலே இல்லாத ஊரில் அந்தப் பண்புக்குத் தண்டனையும் இல்லை. தற்செயல் நகர்வே 4 விழுக்காட்டுக்குக் கொண்டுபோகும். உங்கள் ஓட்டத்தில் அது நடக்கவில்லையென்றால், பெரும்பாலும் தாயின் பண்பில் சடுதி மாற்றம் போட மறந்திருப்பீர்கள். குஞ்சின் பண்புக்கு மட்டும் போட்டுவிட்டு விடும் நிரல்கள் ஏராளம்.

இரண்டும் இல்லையென்றால் குரலின் செலவைப் பாருங்கள். அது அடுத்த தலைப்பு.

## அறிகுறி: எல்லோரும் கத்துகிறார்கள், யாரும் நம்புவதில்லை

செலவு மிகக் குறைவு. மேலே உள்ள எண்களில் குரலின் செலவு 0.05-க்குக் கீழே போனால் வயிறு நிறைந்த குஞ்சுக்கும் கத்துவது லாபம். 0.05 எங்கிருந்து வந்தது? அது பெறுவது 0.2, தாய் இழக்கும் 0.3-இல் உறவுப்படி குஞ்சையும் உறுத்துவது 0.15, மீதி 0.05. அதைவிட அதிகச் செலவு வைத்தால் பொய் நிற்கும்.

உடனே எல்லோரும் செலவை வாரி ஏற்றுகிறார்கள். 0.3 என்று வைத்துப் பாருங்கள்: கத்திய பசிக்குஞ்சின் மதிப்பு 0.7 ஆகிவிடுகிறது, தாயின் கணக்கில் 0.5 × 0.8 × 0.7 = 0.28, அவள் இழக்கும் 0.3-ஐவிடக் குறைவு. தாய் கொடுப்பதை நிறுத்துகிறாள், குஞ்சுகள் வாயை மூடுகின்றன, நீங்கள் முந்தைய தலைப்புக்கே திரும்பி வருகிறீர்கள். இந்த எண்களில் நேர்மை நிற்கும் இடைவெளி 0.05 முதல் 0.25 வரை மட்டுமே. செலவைப் பெருக்காமல் கழிக்கும் நிரலில் தாயின் பக்கம் பாதிக்கப்படாது. மேல் எல்லை 0.65 வரை போகும். உங்களுடையது எது என்று அந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்.

செலவே தேவையில்லாத இடம். வயிறு நிறைந்த குஞ்சின் லாபம் 0.2 இல்லாமல் 0.1 என்றால், அது 0.15-ஐவிடக் குறைவு. பொய் சொல்ல ஆசையே கிடையாது. இலவசக் குரலும் நேர்மையாக நிற்கும். ‘நேர்மைக்கு விலை உண்டு’ என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் இந்த ஓட்டத்தை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். ஜஹாவி 1975-இல் ஊனக் கோட்பாட்டை, அதாவது செலவு மிக்க சமிக்ஞையே நம்பத்தக்கது என்பதை, சொன்னபோது கணக்குப் போடுபவர்கள் பலர் நம்பவில்லை; 1990-இல் கிராஃபென் மாதிரி கட்டியபின் எல்லோரும் அளவுக்கு மீறி நம்பத் தொடங்கினார்கள்.

எல்லோருக்கும் ஒரே செலவு. தன் வலிமையைக் காட்டும் சமிக்ஞையில் வலியவருக்கும் எளியவருக்கும் கிடைக்கும் லாபமும் ஒன்று, செலவும் ஒன்று என்று எழுதினால் நேர்மை வர வழியே இல்லை. எங்காவது வேறுபாடு வேண்டும்.

செலவை யார் கட்டுகிறார்? நேர்மையானவர் அன்றாடம் கட்டும் செலவு முக்கியமில்லை, பொய்யர் பொய் சொன்னால் கட்டவேண்டியதே முக்கியம் என்று லக்மன், சாமாடோ, பெர்க்ஸ்ட்ராம் மூவரும் 2001-இல் காட்டினார்கள். காகிதக் குளவி ஒன்றின் முகத்தில் உள்ள கரும்புள்ளிகள் அதன் வலிமையைச் சொல்கின்றன. புள்ளிக்குச் சாயம் அதிகம் செலவாவதில்லை. டிபெட்ஸும் டேலும் 2004-இல் முகத்தின் கோலத்தை மாற்றிப் பார்த்தார்கள்; பொய் முகம் கொண்ட அடங்கிய குளவிகள் கூடுதல் அடி வாங்கின. உங்கள் மாதிரியில் சமிக்ஞையைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பே பிறருக்கு இல்லையென்றால் இந்த வகை நேர்மை ஒருபோதும் தோன்றாது.

ஆள் தேட வேண்டிய இடம். சமிக்ஞை ஆம்-இல்லை என்று இல்லாமல் தொடர்ச்சியான அளவாக இருந்து, குரலின் உயரமும் தாயின் பதிலும் சேர்ந்து பரிணமிக்கும்போது, எல்லைகளைக் கையால் கணக்கிட முடியாது. விளையாட்டுக் கோட்பாடு தெரிந்தவரிடம் கொடுங்கள். அளவுருக்களை மாற்றி மாற்றி மாதக்கணக்கில் கணினியைச் சூடாக்குவதைவிட அது மலிவு.

## அறிகுறி: பாதி நேர்மை, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

பழுது என்று ஒதுக்காதீர்கள். முழு நேர்மைக்குத் தேவையானதைவிடக் குறைந்த செலவில், வயிறு நிறைந்தவர்களில் சிலர் மட்டும் கத்துவதும், தாய்கள் சில நேரம் மட்டும் கொடுப்பதுமான கலப்புச் சமநிலை உண்டு. சோல்மன், பெர்க்ஸ்ட்ராம், ஹுட்டெகர் 2013-இல் இதை விரிவாகப் பேசினார்கள். ஒரு தருணத்தின் படத்தை விட்டு, நீண்ட காலச் சராசரியைப் பாருங்கள். கூட்டத்தைப் பெரிதாக்கியும் ஊசலாட்டத்தின் வீச்சு குறையாவிட்டால் மட்டும் நிரலில் காலதாமதம் ஏதாவது புகுந்திருக்கிறதா என்று தேடலாம். தாயின் தலைமுறை ஒன்று பின்தங்கிப் புதுப்பிக்கப்படுவது வழக்கமான குற்றவாளி.

## அறிகுறி: மாதிரி சரி, காட்டில் நடப்பது வேறு

இதில் மலிவான பரிகாரம் கிடையாது. முதலில் உறவு எண்ணைச் சந்தேகியுங்கள். குளவி, தேனீ என்றால் சகோதரிகளுக்கு இடையே 0.75 என்று பாடநூலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். தென்னிந்தியக் கூரையோரங்களில் கூடு கட்டும் ரோபாலிடியா மார்ஜினாட்டா குளவியை பெங்களூரில் ராகவேந்திர கடக்கரும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள்; ராணி பல ஆண்களோடு இணைவதால் கூட்டுக்குள் உறவு அந்த எண்ணைவிட நன்றாகவே தாழ்ந்திருக்கிறது.

அடுத்து, யார் உதவுகிறார் என்று பிரித்திருக்கிறீர்களா? கலிஃபோர்னியாவின் தியோகா கணவாயில் பெல்டிங் தரை அணில்களைக் கவனித்த பால் ஷெர்மன் 1977-இல் எழுதியது: வேட்டை விலங்கைக் கண்டு எச்சரிக்கைக் குரல் கொடுப்பவை பெரும்பாலும் பெண் அணில்கள், அதிலும் அருகில் சொந்தம் இருப்பவை. பிறந்த இடத்திலேயே தங்குவது பெண்கள், வெளியேறுவது ஆண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே இடப்பெயர்வு விகிதம் வைத்த மாதிரி இந்த அணிலிடம் எடுபடாது.

மூன்றாவது, சமிக்ஞையை வெளியாள் சுரண்டுகிறாரா? நாணல் கதிர்க்குருவியின் கூட்டில் வளரும் ஒற்றைக் குயில் குஞ்சு ஒரு கூடு நிறைய குஞ்சுகள் கத்துவது போன்ற வேகத்தில் கத்தி இரையைப் பெறுகிறது. அங்கே உறவு பூஜ்யம். உறவை மட்டும் வைத்துக் கட்டிய மாதிரியில் இந்தக் குஞ்சுக்கு இடமில்லை.

இந்த மூன்றும் தீர்ந்தபின்னும் பொருந்தவில்லையென்றால் அந்த விலங்கைக் களத்தில் பார்த்தவரையும், தரவைக் கையாளத் தெரிந்த புள்ளியியலாளரையும் சேர்த்து உட்கார வையுங்கள். போகும்போது மூன்று தாள் போதும்: பூஜ்யச் சோதனையின் எண்ணிக்கை, ஓட்டத்தில் அளந்த உறவு, பிறப்பு–உதவி–இடப்பெயர்வு–போட்டி–சாவு என்று உங்கள் நிரல் செய்யும் வரிசை. பெரும்பாலான களப்பணியாளர்கள் மூன்றாவது தாளில்தான் பேனாவை வைப்பார்கள்.